நான்காவது நொடியில் ஒரு பொய் மலை

ஆழ்கடலில் எடுத்த அதிர்வலைப் படத்தை முதன்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் விரலை வைப்பது நான்காவது நொடியில்தான். (இந்தப் படத்தில் மேலிருந்து கீழாக ஓடும் அளவு மீட்டர் அல்ல, ஒலி கீழே போய்த் திரும்ப எடுத்த நேரம்.) "இது என்ன, இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே?" என்பார்கள். மேலேயும் கீழேயும் மண்ணடுக்குகள் மங்கலாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு கோடு மட்டும் துல்லியமாக, தடிமனாக நிற்கும். அதில் ஒரு மேடு இருக்கும், ஒரு பள்ளத்தாக்கு இருக்கும், ஒரு பக்கம் செங்குத்தான சரிவுகூட இருக்கும். எண்ணெய் தேடுகிறவர்களுக்கு நாவூறும் அமைப்பு. ஆனால் அந்த ஆழத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கடல்தரைதான் இரண்டாம் முறையாகப் படத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கடலடியில் எரிவாயுவோ எண்ணெயோ தேடும்போது கப்பலுக்குப் பின்னால் ஏர்கன்களை இழுத்துச் செல்வார்கள். அழுத்தி அடைத்த காற்றை நீருக்குள் திடீரென்று விடுவதுதான் ஏர்கன்னின் வேலை. அந்த ஒலி கீழே போய், கடல்தரையிலும் அதற்கடியில் உள்ள ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி மேலே வரும். கப்பல் இழுத்துச் செல்லும் பல கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரீமர் கேபிள்களில் பொருத்தப்பட்ட ஹைட்ரோஃபோன்கள், அதாவது நீருக்கடி ஒலிவாங்கிகள், அதைப் பதிவு செய்யும். ஒரே ஒரு முறை எதிரொலித்துத் திரும்பிய அலையை எங்கள் தொழிலில் பிரைமரி என்கிறோம். நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் மேலே வந்த ஒலி அங்கேயே நின்றுவிடுவதில்லை. கடலின் மேற்பரப்பு ஒலிக்கு ஏறக்குறைய முழுமையான கண்ணாடி. வந்ததை அப்படியே, குறியை மட்டும் தலைகீழாக்கி (அலையின் மேடு பள்ளமாக, பள்ளம் மேடாக), மறுபடி கீழே அனுப்பிவிடும். அது இன்னொரு சுற்று போய்வரும். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முறை எதிரொலித்து வருகிறவை மல்டிபிள்கள். நான் பிழைப்பு நடத்துவது இவற்றைக் கண்டுபிடித்துக் கழிப்பதில்.

நீரின் ஆழம் 1500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். ஆக, கடல்தரை 2 நொடியில் பதிவாகும். அதன் முதல் மல்டிபிள் 4 நொடியில், அடுத்தது 6 நொடியில். கடல்தரைக்குக் கீழே 2400 மீட்டரில் ஒரு மணற்கல் அடுக்கு இருந்து, இடைப்பட்ட மண்ணில் ஒலி நொடிக்கு 2400 மீட்டர் போகிறது என்றால், அந்த மணற்கல்லும் சரியாக 4 நொடியில்தான் வரும். தேடும் பொருளும் பொய்யும் ஒரே இடத்தில். ஆழ்கடல் துரப்பணத்தின் துரதிர்ஷ்டம், இந்த ஆழங்கள்தான் பெரும்பாலும் சுவாரசியமானவை.

இரண்டில் எது வலுவானது? மோதும் அலையில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்பதை எதிரொலிப்பு எண் என்போம். மெல்லிய சேறு படிந்த கடல்தரைக்கு அது சுமார் 0.2. மல்டிபிள் கடல்தரையில் இரண்டு முறையும் மேற்பரப்பில் ஒரு முறையும் மோதுகிறது: 0.2 பெருக்கல் −1 பெருக்கல் 0.2, அதாவது −0.04. மணற்கல்லின் எண் 0.05 என்றால், கடல்தரையைக் கடந்து போய்வந்த பிறகு 0.048. சரிசமம் போலத் தெரிகிறது. ஆனால் மணற்கல்லிலிருந்து வரும் அலை 2 நொடி நேரம் மண்ணுக்குள் பயணம் செய்திருக்கிறது. மண் உயர் அதிர்வெண்களைத் தின்றுவிடும். வழக்கமான மதிப்புகளைப் போட்டுக் கணக்கிட்டால் 50 ஹெர்ட்ஸில் இருந்ததில் 4 சதவீதம்தான் மிஞ்சுகிறது. 10 ஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் தப்பிக்கிறது. மல்டிபிளோ முழுக்க முழுக்க நீரிலேயே போய்வந்தது. இந்த அதிர்வெண்களில் நீர் எதையும் உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். அதனால் படத்தில் உண்மை மழுங்கி வருகிறது, பொய் கூர்மையாக வருகிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இது ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்: படத்தில் மிக அழகாக இருப்பதை முதலில் சந்தேகப்படு.

அடையாளங்கள் உண்டு. கடல்தரையின் மல்டிபிளில் சரிவு இரண்டு மடங்காகத் தெரியும். கடல்தரையில் உள்ள சிறு பள்ளம் கீழே பெரும் பள்ளத்தாக்காகிவிடும். குறியும் தலைகீழாக இருக்கும். ஆனால் குறியை மட்டும் நம்பிவிட முடியாது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் கடல்தரைக்கு அடியில் மீத்தேன் ஹைட்ரேட் (நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல் உறைந்த மீத்தேன்) இருப்பதை 2006இல் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' கப்பல் துளையிட்டு எடுத்துக் காட்டியது. அந்த ஹைட்ரேட் அடுக்கின் அடிப்பகுதி அதிர்வலைப் படத்தில் கடல்தரையை அப்படியே நகலெடுத்தது போல் ஓடும், அதன் குறியும் தலைகீழ். மல்டிபிள் என்று நினைத்து அதைக் கழிக்கத் துடிக்கும் கை எத்தனை இருந்திருக்கும்! ஆனால் அது கடல்தரைக்குச் சில நூறு மில்லிநொடிகளுக்குள்ளேயே வந்துவிடும், இரண்டு மடங்கு நேரத்தில் அல்ல. சரிவும் இரட்டிப்பாவதில்லை. அடுக்குகளை வெட்டிக்கொண்டு குறுக்கே போகும். அது பூமிக்குள் உண்மையாகவே இருக்கும் ஒன்று.

ஆழம் குறைந்த கடலில் வேறு விதமான தலைவலி. பாரசீக வளைகுடாவின் ஆழம் பெரும்பாலும் 100 மீட்டருக்குள் அடங்கும், பல இடங்களில் தரை கடினமானது. 75 மீட்டர் ஆழ நீரில் ஒலி ஒருமுறை போய்வர 0.1 நொடி. ஆகவே ஒவ்வோர் அடுக்கும் 0.1 நொடிக்கு ஒரு முறை, குறி மாறி மாறி, தேய்ந்துகொண்டே திரும்பத் திரும்ப ஒலிக்கும். முழுப் பதிவும் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். எந்த அடுக்கு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

1959இல் மைலோ பேக்கஸ் இதற்கு ஒரு விடை எழுதினார். எனக்கு இந்தத் துறையில் பிடித்த கணக்குகளில் அது முதல் வரிசை. நீர் அடுக்கை அவர் ஒரு வடிகட்டியாகப் பார்த்தார். ஒலி கீழே போகும் வழியில் ஒரு முறை அதற்குள் சிக்கி ரீங்கரிக்கிறது. மேலே வரும் வழியில் இன்னொரு முறை. இரண்டும் முடிவற்ற தொடர்கள். ஆனால் அந்த இரட்டைத் தொடரை முழுவதுமாக அடக்க மூன்றே எண்கள் போதும்: 1, அடுத்து கடல்தரையின் எதிரொலிப்பு எண்ணின் இரண்டு மடங்கு, அடுத்து அதே எதிரொலிப்பு எண்ணின் வர்க்கம். கடல்தரை எண் 0.5 என்றால் 1, 1, 0.25. நீரின் இருவழி நேர இடைவெளியில் இந்த மூன்றையும் வைத்துப் பதிவோடு கலந்தால் முடிவிலி அடங்கிவிடுகிறது. ஆழமும் கடல்தரை எண்ணும் துல்லியமாகத் தெரிய வேண்டும், தரை சமதளமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் பிற்பாடு வரும் வில்லங்கங்கள். பேக்கஸ் வேலை பார்த்தது ஜியோபிசிக்கல் சர்வீஸ் இன்கார்ப்பரேட்டட் நிறுவனத்தில். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் முளைத்தது அந்த நிறுவனத்திலிருந்துதான். கையில் இருக்கும் கால்குலேட்டருக்கும் எண்ணெய் தேடிய அதிர்வலைகளுக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு உண்டு.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எம்.ஐ.டி.யில் எண்டர்ஸ் ராபின்சன் வேறு பக்கத்திலிருந்து வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமானத்தின் அடுத்த நகர்வை ஊகிப்பதற்காக நார்பர்ட் வீனர் உருவாக்கிய முன்கணிப்புக் கோட்பாட்டை எடுத்து அதிர்வுப் பதிவுகளில் போட்டுப் பார்த்தார். அவர் வாதம் சுருக்கமானது. பூமியின் அடுக்குகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வருகின்றன. அவற்றை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மல்டிபிள் ஒழுங்காகத் திரும்ப வருகிறது, அதைச் சொல்லிவிடலாம். ஆகவே பதிவில் முன்கூட்டிச் சொல்ல முடிந்த எல்லாவற்றையும் எடுத்துவிடு, மிஞ்சுவது பூமி. இன்றும் ஆழமற்ற கடலின் தரவு வந்தால் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது இந்த முறையைத்தான். ஒரு சங்கடம் உண்டு: சில இடங்களில் பூமியே ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. ஒரே தடிமனில் மாறி மாறி வரும் நிலக்கரி அடுக்குகளிடம் இந்த வாதம் எடுபடாது.

மூன்றாவது வழி நேரத்தை வைத்து அல்ல, தூரத்தை வைத்து. வில்லியம் ஹாரி மெய்ன் 1956இல் காப்புரிமை பெற்ற முறை அது. பூமியின் ஒரே புள்ளியை ஒலிமூலத்துக்கும் ஹைட்ரோஃபோனுக்கும் இடையே பல வேறு தூரங்களில் பதிவு செய்து, எல்லாவற்றையும் நேர்ப்படுத்திக் கூட்டுவது. மேலே சொன்ன அதே உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். தூரம் பூஜ்யமாக இருக்கும்போது மணற்கல்லும் மல்டிபிளும் 4 நொடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹைட்ரோஃபோனில் பார்த்தால் மணற்கல் 5 நொடியில் வருகிறது. நீரிலேயே உலாத்திக்கொண்டிருந்த மல்டிபிள் 5.66 நொடிக்குத்தான் வந்து சேருகிறது. அடியில் உள்ள வேகமான பாறையைத் தொட்டுவிட்டு வந்த அலை முந்திவிடுகிறது. பிரைமரியை நேராக்கிக் கூட்டினால் அது வலுப்பெறும், வளைந்து கிடக்கும் மல்டிபிள் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1986இல் டான் ஹாம்ப்சன் இதையே ராடான் உருமாற்றத்தைக் கொண்டு நுட்பமாக்கினார். வளைவின் அளவுப்படி அலைகளைத் தனித்தனியாகப் பிரித்துவைத்து, அதிகம் வளைந்தவற்றை மட்டும் எடுத்துவிடலாம். ஆனால் கிட்டத்தில் இருக்கும் ஹைட்ரோஃபோன்களில் வளைவே இருக்காது. அங்கே இந்த முறை கையை விரித்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு படி ஏறியவர்கள் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள். குஸ் பெர்கௌட், எரிக் வெர்ஸ்கூர், கேஸ் வாபனார் மூவரும் 1992இல் வெளியிட்ட மேற்பரப்பு மல்டிபிள் நீக்க முறையை எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலச் சுருக்கமாக எஸ்ஆர்எம்இ என்போம். அதன் அடிப்படையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மோதித் திரும்பும் எந்த மல்டிபிளும், அந்த மோதும் புள்ளியில் ஒட்டப்பட்ட இரண்டு தனிப் பயணங்கள்தான். கப்பலிலிருந்து அந்தப் புள்ளி வரை ஒன்று. அந்தப் புள்ளியிலிருந்து ஹைட்ரோஃபோன் வரை இன்னொன்று. அந்த இரண்டு பயணங்களையும் நாம் ஏற்கெனவே பதிவு செய்து கையில் வைத்திருக்கிறோம்! ஒன்றை இன்னொன்றோடு கன்வல்யூஷன் செய்து (இரண்டு பயணங்களையும் அடுத்தடுத்து ஒட்டும் கணக்கு அது), மேற்பரப்பில் சாத்தியமான எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டினால் மல்டிபிள்கள் தானாக வந்து நிற்கும். கடலின் ஆழம் தெரிய வேண்டாம். பாறையின் வேகம் தெரிய வேண்டாம். பூமியைப் பற்றி ஒன்றுமே தெரிய வேண்டாம். தன் பொய்யைத் தரவே கணித்துக் கொடுத்துவிடுகிறது.

முதன்முதலில் இதை ஓட்டி, கணித்த மல்டிபிளையும் பதிவான மல்டிபிளையும் அருகருகே திரையில் போட்டுப் பார்க்கும் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். அத்தனை வளைவு நெளிவும் வந்திருக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் கொஞ்சம் பிசகு தெரியும். ஏர்கன்னின் ஒலி வடிவம் கணிப்பில் இரண்டு முறை பெருகியிருக்கும். ஸ்ட்ரீமர்களுக்கு இடையே நூறு மீட்டர் வாக்கில் இடைவெளி இருப்பதால், பக்கவாட்டில் வேண்டிய பல பயணங்கள் பதிவிலேயே இருக்காது; இட்டுக்கட்டி நிரப்பியிருப்போம். அலை எழும் கடல் சமதளமும் அல்ல. ஆகவே கணித்ததை நேராகக் கழிக்க முடியாது. முதலில் பொருத்த வேண்டும், பிறகுதான் கழிக்க வேண்டும்.

என் தொழிலின் சண்டை எல்லாம் இந்தப் 'பொருத்துதல்' என்ற இடத்தில்தான். கணிப்பைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, அது சமன்பாடு. கழித்தல் மனிதனின் விருப்பு வெறுப்பு. வழக்கமான வழி என்னவென்றால், கணித்த மல்டிபிளை ஒரு சிறு வடிகட்டியின் வழியே திருத்தி, கழித்த பிறகு மிஞ்சும் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்படி அந்த வடிகட்டியைக் கணினியே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுவது. கேட்கும்போது நியாயமாக இருக்கிறது. ஆனால் மிச்சம் குறைவாக இருப்பதே உண்மை என்று யார் சொன்னது? பிரைமரியும் மல்டிபிளும் குறுக்கிடும் இடத்தில், மிச்சத்தைக் குறைக்கச் சிறந்த வழி பிரைமரியையும் சேர்த்துத் தின்பதுதான். கணினி அதைத் தயங்காமல் செய்யும். வடிகட்டியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால், பார்க்கும் சன்னலை, அதாவது ஒரு நேரத்தில் பொருத்திப் பார்க்கும் தரவுத் துண்டை, சிறிதாக்கிக்கொண்டே போனால், அதற்குச் சுதந்திரம் கூடுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துத் தைத்துக்கொள் என்று விட்டால், யாருடைய சட்டையையும் யார் உடம்புக்கும் பொருத்திக் காட்டிவிடுவார் தையல்காரர்.

கடல்தரை ஏறக்குறைய சமதளமாக இருந்த ஒரு பகுதியின் தரவு எங்களிடம் வந்திருந்தது. சாய்வான அடுக்குகளுக்கு நடுவே ஒரே ஒரு கோடு மட்டும் தட்டையாகக் கிடந்தது. எரிவாயுவும் நீரும் சந்திக்கும் மட்டம் அப்படித் தட்டையாகத்தான் தெரியும். கடல்தரையின் மல்டிபிளும் அங்கே தட்டையாகத்தான் தெரியும். அதன் நேரமும் கிட்டத்தட்ட அதே. படத்தை வாசிக்கும் புவியியலாளர் அனுபவசாலி, எனக்கு மிக மூத்தவர்.

"இதை ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள்? இன்னும் கொஞ்சம் அழுத்திக் கழித்துவிடுங்கள். படம் சுத்தமாக இருக்க வேண்டும்" என்றார்.

"கழித்தால் போய்விடும், சார். ஆனால் எது இருந்தாலும் போய்விடும் அளவுக்கு வடிகட்டியை நீட்டினால்தான் போகிறது" என்றேன்.

கழித்த படத்தை ஓரமாக வைத்துவிட்டு, கழிக்கப்பட்டதை மட்டும் திரையில் போட்டோம். கழிப்பதற்கு முந்தைய படத்திலிருந்து கழித்த படத்தை எடுத்துவிட்டால் கிடைக்கும் வேறுபாட்டுப் படம் அது. மல்டிபிள் மட்டும் போயிருந்தால் அதில் கடல்தரையின் நகல்கள் மட்டுமே இருக்க வேண்டும். அந்தத் தட்டைக் கோடும் அங்கே இருந்தது. ஆனால் அது இடப்புறமாக வந்து, ஒரு பிளவுக்கோட்டை ஒட்டி நறுக்கென்று நின்றுவிட்டது. பிளவு வெகு ஆழத்தில் இருப்பது. மேலே கடல்தரை வரை அது வரவில்லை. அந்த இடத்துக்கு நேர் மேலே கடல்தரையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கடல்தரையின் மல்டிபிளாக இருந்தால் அடியில் இருக்கும் பிளவு அதற்கு எப்படித் தெரியும்? தூரப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தோம். 6 கிலோமீட்டரில் அது மல்டிபிளின் நேரத்துக்கு வெகு முன்பாகவே, பிரைமரிகளோடு சேர்ந்து வந்திருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, வடிகட்டியைக் குறைத்துப் போடுங்கள், கொஞ்சம் அழுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். அங்கே பிறகு துளையிட்டார்களா என்பதெல்லாம் எங்கள் மேசைக்கு வரும் விஷயம் அல்ல. தரவைக் கொடுத்ததோடு எங்கள் உறவு முடிந்துவிடும்.

இப்படிச் சொல்வதால் என்னைச் சோம்பேறி என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. இருக்கட்டும். மிச்சமிருக்கும் மல்டிபிளை அடுத்து வரும் ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள முடியும். தின்னப்பட்ட பிரைமரியை யாராலும் அடையாளம் காண முடியாது, ஏனென்றால் அது அங்கே இல்லை.

மல்டிபிளைக் கழிக்காமல் பயன்படுத்திக்கொள்வதும் ஒரு கலைதான். கடல்தரையிலேயே கருவிகளை வைத்துப் பதிவு செய்யும் நோடு முறை இன்று ஆழ்கடலில் பரவலாகிவிட்டது. மெக்சிகோ வளைகுடாவின் அட்லாண்டிஸ் எண்ணெய் வயலில் 2005–06இல் பெரிய அளவில் செய்தார்கள். நோடுகளை நெருக்கமாக வைக்கப் பணம் காணாது. நானூறு மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால், அவற்றுக்கு இடையே உள்ள கடல்தரையையும் அதை ஒட்டிய அடுக்குகளையும் கீழிருந்து மேலே வரும் பிரைமரியால் பார்க்க முடியாது. ஆனால் மேலே போய் நீர்ப்பரப்பில் மோதி நோடுக்குத் திரும்பி இறங்கும் மல்டிபிள், அகலமான பரப்பில் பட்டுவிட்டு வருகிறது. நோடு கடலடியில் இல்லை, நீர்ப்பரப்புக்கு மேலே அதே உயரத்தில் தொங்குகிறது என்று கணினியிடம் சொல்லிவிட்டால் போதும். படம் வந்துவிடும். நிலநடுக்க ஆய்வாளர்களோ இதில் நம்மைவிடப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பூமியின் மேற்பரப்புக்கும் மேலோட்டின் அடித்தளத்துக்கும் இடையே துள்ளும் அலைகளை அவர்கள் கழிப்பதே இல்லை. பிரைமரியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓடு தடிமனா, அலை மெதுவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. துள்ளிய அலைகளையும் சேர்த்தால் இரண்டும் தனித்தனியாக விழுந்துவிடும். 2000இல் லுபெய் ஜூவும் ஹிரூ கனமோரியும் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு இப்படிச் செய்தார்கள்.

மேற்பரப்பில் மோதாமல் அடுக்குகளுக்கு இடையிலேயே துள்ளும் உள் மல்டிபிள்கள்தான் இன்னும் அடங்காதவை. சௌராஷ்டிரத்தில் தக்காணப் பசால்ட்டுக்கு அடியில் பழைய படிவுகள் இருக்கின்றன. அவற்றைப் படம் பிடிக்கப் போனால் எரிமலைக் குழம்பின் ஒவ்வொரு பாய்வும் தனித்தனிக் கண்ணாடியாக நிற்கிறது. அலை அதற்குள் புகுந்தால் எந்த எதிரொலி எந்த இரண்டு பாய்வுகளுக்கு நடுவே பிறந்தது என்று சொல்ல முடியாது. கார்கிவ் நகரத்துக் கணித மேதை விளாதிமிர் மார்ச்சென்கோ 1950களில் குவாண்டம் இயற்பியலுக்காக எழுதிய சமன்பாட்டை வாபனாரும் மற்றவர்களும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இதற்குத் திருப்பியிருக்கிறார்கள். காகிதத்தில் அற்புதம். கடலில் எடுத்த தரவு காகிதம் போல நடந்துகொள்வதில்லை.

உள் மல்டிபிள்களைப் பற்றி ஓடோஹர்ட்டியும் நைஜல் ஆன்ஸ்டியும் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அதைப் படித்த பிறகு கழித்தல் என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். மெல்லிய அடுக்குகள் ஐந்நூறு இருக்கின்றன, ஒவ்வொரு எல்லையின் எண்ணும் 0.1 என்று வைப்போம். ஒவ்வொன்றையும் கடந்து போய்வரும்போது 1 சதவீதம் குறையும். 0.99ஐ ஐந்நூறு முறை பெருக்கிப் பாருங்கள்: 0.7 சதவீதத்துக்கும் கீழே. நேராகப் போய்வந்த பிரைமரி அவ்வளவுதான் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்கடியில் உள்ள அடுக்கு கண்ணுக்கே தெரியக் கூடாது. ஆனால் நன்றாகத் தெரிகிறது. எப்படி? மெல்லிய அடுக்குகளுக்குள் இரண்டு முறை மோதிய குட்டி மல்டிபிள்கள் இழந்ததைப் பின்னாலேயே கொண்டுவந்து சேர்க்கின்றன. சில மில்லிநொடிகள் தாமதமாக, அதே குறியோடு. நான் ஆழத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுவரும் 'பிரைமரி'யின் பெரும்பகுதி மல்டிபிள்தான்.

ஆகவே இப்போது தரவை ஒப்படைக்கும்போது கழிப்பதற்கு முந்தைய படம், கழித்த படம், கழிக்கப்பட்டது என மூன்றையும் கொடுக்கிறேன். அறிக்கையில் வடிகட்டியின் நீளத்தையும் சன்னலின் அளவையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது படத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. சேமிப்பகத்தில் இடம் போதவில்லை என்றால் முதலில் அழிக்கப்படுவதும் அதுதான்.